டிரைவர் பக்கம்

அக்காவால் நிற்க முடியும், படுக்க முடியும். உட்காரத்தான் முடியாது. ஜெர்மனியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் எண்ணெய் சிந்திய தரையில் வழுக்கி விழுந்தாள். முதுகெலும்பில் ஒருமுறை வெட்டினார்கள், அது சரிவராமல் இன்னொருமுறை வெட்டினார்கள். அதன்பிறகு பத்து நிமிடம் கதிரையில் இருந்தாலே முகம் வெளிறிவிடும். எங்கே போவதென்றாலும் அவள் நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டுதான் போகவேண்டும். படுத்துக்கொண்டு போகிற வாகனம் உலகத்தில் இரண்டுதான், ஒன்று ஆம்புலன்ஸ், மற்றது எல்லோருக்கும் கடைசியில் வருவது என்று அத்தான் பகிடி விடுவார். மூன்றாவதாக ஒன்று அவரிடம் இருந்தது.

அது எழுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில் செய்த ஸ்டேஷன் வேகன். ஜெர்மனியில் அவர்கள் இருந்த ஊருக்குப் பக்கத்தில் அமெரிக்கப் படைமுகாம் ஒன்று இருந்தது. ஊருக்குத் திரும்பிப் போகிற சிப்பாய் ஒருவன் அதை அத்தானிடம் தள்ளிவிட்டுப் போனான். பதினெட்டு அடி நீளம். பக்கங்களில் மரம்போலத் தெரிகிற ஒட்டுத்தாள், அதுவும் பாதி உரிந்தது. பின் இருக்கைகளை மடித்தால் இரண்டு பேர் காலை நீட்டிப் படுக்கலாம். அத்தான் அதில் ஒரு மெத்தையை விரித்து, பின் இருக்கைகளின் பெல்ட்டுகளைக் குறுக்கே இழுத்து, அக்காவின் நெஞ்சுக்கும் தொடைக்கும் மேலாகக் கட்டுவார். சட்டப்படி அது சரியோ என்று என்னிடம் கேட்காதீர்கள். அவர்கள் லண்டனுக்குக் குடிவந்தது அப்படித்தான். ஜெர்மனியிலிருந்து கப்பல் துறைமுகம் வரைக்கும் அக்கா நித்திரை கொண்டுதான் வந்தாளாம்.

கரைச்சல் லண்டனில்தான் தொடங்கியது. ஜெர்மனியில் நெடுஞ்சாலை நேரே போகும். இங்கே நூறு யார் தூரத்துக்கு ஒரு ரவுண்டபவுட், அதற்கிடையில் ஒரு முடுக்கு. அந்த வேகனோ நேர் றோட்டுக்கென்று செய்த பஞ்சுமெத்தை. வளைவில் திருப்பினால் உடம்பு முழுக்க ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர மனமில்லாமல் நிமிர்ந்து, மறுபக்கம் சாயும். பின்னுக்குக் கிடக்கிற அக்கா பெல்ட்டுக்குள் உருளுவாள். முதுகு இழுத்துப் பிடிக்கும், குமட்டிச் சத்தி வரும். இரண்டுமுறை கோவிலுக்குப் போய் வந்தாள். மூன்றாம்முறை கேட்டபோது, "இனி என்னை ஒரு இடமும் கூப்பிடாதேங்கோ" என்றாள். கோவில் வாசலில் சனம் அந்த வண்டியைப் பார்த்து, "என்ன, எப்ப எடுக்கிறது?" என்று செத்த வீட்டுப் பகிடி விட்டதும் அவளுக்குக் கேட்டிருக்கும். கேட்டதாக அவள் காட்டிக்கொள்ளவில்லை.

அதற்குப்பிறகு எட்டு மாதம் அவள் தென் லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில், அவர்கள் இருந்த கீழ்வீட்டு முன்னறையை விட்டு வெளியே வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு மட்டும் அவர்களுடைய வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

2004 கோடையில், லண்டனின் மறுகோடியில் ஃபாரஸ்ட் கேட்டில் இருந்த அவளுடைய ஒரே மகளுக்குப் பிள்ளை பிறந்தது. வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். எங்கள் ஆட்களுக்கு முப்பத்தோராம் நாள் முக்கியம். அன்றைக்குத்தான் பிள்ளை பிறந்த தீட்டை, துடக்கைக் கழித்து, பிள்ளையை எல்லோரும் தூக்குவார்கள். அதுவரை தாயும் பிள்ளையும் வீட்டுக்குள்தான். நான் அக்காவைப் பார்க்கப் போனபோது அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "அங்க என்ர பிள்ளை பெத்துக் கிடக்கிறாள். இஞ்ச நான் சும்மா கிடக்கிறன்."

"முப்பத்தொண்டுக்கு உங்களைக் கொண்டுபோறது என்ர பொறுப்பு" என்று நான் சொன்னேன். யார் என்னைக் கேட்டது? வாய் சும்மா இருந்தால்தானே. ஆனால் நான் தொழில் தெரிந்தவன். ஊரில், சுன்னாகத்தில், லொறி திருத்துகிற கராச்சில் தொடங்கி, அப்போது மிச்சத்தில் ஒரு கராச்சில் பன்னிரண்டாவது வருடம். சாய்கிற வண்டியைச் சாயாமல் பண்ணுவது மந்திரம் இல்லை. முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் இடத்தைத் தந்தார். கையில் மூன்று ஞாயிறு இருந்தது.

முதல் ஞாயிறே எனக்கும் அத்தானுக்கும் கொழுவல். நான் கட்டையான, இறுக்கமான ஸ்பிரிங் போடவேண்டும் என்றேன். எனக்கு அந்த வண்டியைப் பார்த்த நாளிலிருந்து ஆசை. அவ்வளவு பெரிய எஞ்சின், அவ்வளவு நீளம், அதை ஒரு வளைவில் தரையோடு ஒட்டி எடுத்தால் எப்படி இருக்கும் என்று. அத்தான் ஆறுதலான மனுசன், ஆனால் அன்றைக்கு ஸ்பனரைக் கீழே வைத்துவிட்டார்.

"நீர் என்ன, ரேஸுக்கோ போறீர்? இறுக்கின ஸ்பிரிங்கில ஒவ்வொரு பள்ளமும் அவவின்ர முதுகிலதான் இடிக்கும். படுத்துக் கிடக்கிறது என்ர மனுசி."

அவர் சொன்னது சரி. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. "அப்ப நீங்களே செய்யுங்கோ" என்று வெளியில் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். வந்தபோது அவர் பழைய ஸ்பிரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்பிரிங்கைத் தொடாமல், அடியில் குறுக்கே போகிற உருக்குக் கம்பியை மாற்றுவதென்று முடிவெடுத்தோம். இடச் சில்லையும் வலச் சில்லையும் இணைக்கிற கம்பி அது. தடித்ததாக இருந்தால் ஒரு பக்கம் தாழும்போது மறுபக்கத்தையும் சேர்த்து இழுத்துப் பிடிக்கும், வண்டி சாயாது. பள்ளத்தில் மெத்தை மெத்தையாகவே இருக்கும். அமெரிக்க வண்டிகளின் கழற்றிய சாமான் விற்கிற ஒரு வெள்ளைக்காரன், அமெரிக்கப் பொலிசுக்காகச் செய்த வண்டியில் இருந்த தடித்த கம்பி ஒன்றைத் தந்தான்.

இரண்டாம் ஞாயிறு முன்னுக்கு அதைப் பூட்டி, ஆட்டத்தை அடக்குகிற சொக் அப்சோர்பர்களும் புதிதாகப் போட்டோம். அத்தான் தானே பின்னால் மெத்தையில் படுத்து, "எடும் பாப்பம்" என்றார். நான் தொழிற்பேட்டையைச் சுற்றி நான்கு வளைவு எடுத்தேன். திரும்பி வந்து பின்கதவைத் திறந்தால் மனுசன் பச்சையாய் இருந்தார். இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தார். "முன்னுக்கு நல்லம். பின்பக்கம் இன்னும் ஆடுது" என்று வாயைத் துடைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். அந்த மூன்று கிழமையில் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அப்போது மட்டும்தான்.

மூன்றாம் ஞாயிறு பின்பக்கம். பின் அச்சைப் பிடித்திருக்கிற இரண்டு கீழ்க் கைகளும் தகட்டில் மடித்தவை, தண்ணீர்ப் பீலிமாதிரி ஒரு பக்கம் திறந்தவை. அதை எறிந்துவிட்டு நாலு பக்கமும் மூடிய பெட்டிக் கைகள் போட்டோம். அந்த இரண்டிலும்தான் பின்பக்கத்துக் கம்பி பூட்டவேண்டும். இந்தக் கைகளின் ஆணிகளை வண்டி தூக்கி நிற்கும்போது இறுக்கக்கூடாது. இறுக்கினால் உள்ளே இருக்கிற இறப்பர் முறுகிவிடும். நட்டைக் கையால் ஏற்றிவிட்டு, வண்டியைச் சில்லில் நிற்கவைத்து, முழுப் பாரமும் இறங்கியபிறகுதான், அளவு வந்ததும் டிக் என்று சத்தம் போடுகிற ஸ்பனரால் கடைசி இறுக்கு. அதை எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

பாரத்தை இறக்கி, கீழே போய் ஒரு பக்கம் இறுக்கி முடித்தேன். அப்போது வாசலில் ஹோர்ன். தெரிந்த மினிகாப் டிரைவர் ஒருவன், வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, எயார்போட்டுக்கு ஆள் காத்திருக்கிறது என்று கத்துகிறான். நான் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு அத்தானிடம் சொன்னேன், "டிரைவர் பக்கம் நான் முடிச்சிட்டன். கிளீனர் பக்கம் நீங்கள் இறுக்குங்கோ."

திரும்பி வந்தபோது அவர் ஸ்பனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சுதோ?" "முடிஞ்சுது." நான் குனிந்து பார்க்கவில்லை.

முப்பத்தோராம் நாள் காலை, அக்காவுக்கு அத்தான் சேலை கட்டிவிட்டார். நிற்கும்போது பாதி, படுத்தபிறகு மீதி. நான்தான் ஓட்டினேன். "லண்டன் றோட்டு உமக்குத்தான் தெரியும், நீரே வண்டியை ஓடும்" என்று அத்தான் முன்னால் மற்ற இருக்கையில் ஏறிக்கொண்டார். முதல் ரவுண்டபவுட்டில் வண்டி ஒரு பலகைபோலத் திரும்பியது. பின்னாலிருந்து அக்காவின் குரல், "என்னடா, திரும்பீட்டமோ? எனக்குத் தெரியவேயில்லை." அந்தக் குரலில் இருந்த சந்தோசத்தை நான் எட்டு மாதமாகக் கேட்கவில்லை. எனக்குத் தலைகால் தெரியவில்லை. அடுத்த வளைவைத் தேவையில்லாத வேகத்தில் எடுத்தேன். அதற்கடுத்ததையும்.

ஸ்ட்ரெத்தம் தாண்டியபோது அக்கா சொன்னாள், "தம்பி, கீழ ஏதோ தட்டுது."

"புது இறப்பர். கொஞ்சம் தட்டும், பிறகு படிஞ்சிடும்."

கேட்ஃபர்ட் பக்கம் வந்ததும் மறுபடி. "இல்லையடா. இடுப்புக்கு நேர கீழ. வளைவில மட்டும் டக் எண்டுது. என்ர முதுகில கேக்குது."

அத்தான் திரும்பிப் பார்த்தார். "ஒருக்கா நிப்பாட்டிப் பாப்பமோ?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மூன்று ஞாயிறு எண்ணெய்க்குள் கிடந்தது நான். கராச்சில் நாள் முழுக்க, ஒன்றும் தெரியாத சனம் வந்து "அங்க சத்தம், இங்க சத்தம்" என்று சொல்ல, தலையாட்டித் தலையாட்டிப் பழகியவன். "அக்கா, வண்டி செய்தது நானோ நீங்களோ? பேசாமப் படுங்கோ" என்றேன். அக்கா அதற்குப்பிறகு ஒன்றும் சொல்லவில்லை. தட்டுகிற சத்தமும் நின்றுவிட்டது என்று நான் நினைத்தேன்.

பிளாக்வோல் சுரங்கப் பாதைக்குக் கிட்ட ஒரு வளைவில் பின்பக்கம் படார் என்று அடித்தது. ஸ்டியரிங்கை நான் நேராகப் பிடிக்க, வண்டியின் பின்பாதி தன்பாட்டில் இடப்பக்கம் போனது. ஓரக்கல்லில் ஏறி, கம்பி வேலியை உரசி நின்றது. வேறு வாகனம் எதிலும் படவில்லை. பெல்ட்டுகள் அறுந்துபோகவில்லை. ஆனால் அக்கா மெத்தையோடு இழுபட்டு, சில்லுக்கு மேலே உள்ளே புடைத்துக்கொண்டிருக்கும் அந்த மேட்டில் இடுப்பு அடிபட்டுக் கிடந்தாள். அழவில்லை. வாயைத் திறந்தபடி மூச்சு மட்டும் எடுத்துக்கொண்டிருந்தாள். சேலையில் குத்திய ஊசி ஒன்று கழன்று கழுத்தில் கீறியிருந்தது. அத்தான் பின்னால் தவழ்ந்துபோய் அந்த ஊசியை எடுத்துத் தான் போட்டிருந்த சேட்டில் குத்திக்கொண்டு, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் வந்தது, பொலிஸ் வந்தது. பொலிஸ் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் நியாயமானது.

அடுத்த நாள் வண்டியை எங்கள் கராச்சுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். நானும் அத்தானும் கீழே போய்ப் பார்த்தோம். வலக் கை உறுதியாக இருந்தது. இடக் கை பின்முனையில் கழன்று தொங்கியது. ஆணியே இல்லை, றோட்டில் எங்கேயோ விழுந்துவிட்டது.

"நான் டிரைவர் பக்கம் முடிச்சிட்டன் எண்டு சொன்னனானே" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

"ஓம், சொன்னனீர்" என்றார் அத்தான். தொங்கிக்கொண்டிருந்த அந்த இடக் கையைத் தொட்டார். "இதுதானே டிரைவர் பக்கம்."

சுன்னாகத்து லொறியில் சாரதி வலப்பக்கம் இருப்பான், கிளீனர் இடப்பக்கம். அங்கே பழகிய வாய். பிறகு பன்னிரண்டு வருடம் லண்டன் வண்டிகள், அதிலும் சாரதி வலப்பக்கம். அத்தான் கார் ஓடப் பழகியதே ஜெர்மனியில். அவருக்கு டிரைவர் என்றால் இடப்பக்கம். இந்த வேகனிலும் ஸ்டியரிங் இடப்பக்கம்தான். நானே அந்த இடப்பக்கத்து இருக்கையில் இருந்து ஓட்டியிருக்கிறேன். மூன்று ஞாயிறும் இருவரும் ஒரே பக்கத்தில் சேர்ந்து படுத்து, கையைக் காட்டி "இஞ்சால, அங்கால" என்றுதான் வேலை செய்தோம். பக்கத்துக்குப் பெயர் சொல்லவேண்டி வந்தது அந்த ஒரே ஒருமுறை.

"வலப்பக்கம் ஸ்பனர் வச்சன். உடன டிக் எண்டுது" என்றார். "நீர் முன்னமே கொஞ்சம் இறுக்கி வச்சிருக்கிறீர் எண்டு நினைச்சன்."

இறுக்கிய பக்கத்தை அவர் மறுபடி இறுக்கியிருக்கிறார். இறுக்காத பக்கத்தை இருவரும் விட்டுவிட்டோம்.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரியில், மகளும் மருமகனும் உறவுச் சனமும் நிற்க, அத்தான் அக்காவிடம் சொன்னார், "ஒரு ஆணி இறுக்க மறந்துபோனனப்பா." அவ்வளவுதான். என் பெயரை இழுக்கவில்லை. நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். திறக்கவில்லை. அதற்குப்பிறகு ஒரு வருடம் சனம் முழுக்க அந்த மனுசனைத்தான் தின்றது. "வேலை தெரிஞ்ச மச்சான் பக்கத்தில நிக்க, உவர் ஏன் கைவச்சவர்?" என்று என் காதுபடச் சொன்னார்கள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நான் பொதுவாக ஒரு பழமொழி சொன்னேன். வெட்கங்கெட்டவன்.

அக்கா ஆறு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மகள் பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினாள். அக்காவால் தூக்க முடியவில்லை, பக்கத்தில் கிடத்தி வைத்துப் பார்த்தாள். வீட்டுக்கு வந்தபிறகு எழும்பி நிற்கவே குளிர்காலம் முடிந்துவிட்டது.

வண்டியை நான் தனியே திருத்தினேன். இரண்டு பக்கமும் புது ஆணி, நானே இறுக்கி, ஒவ்வொரு நட்டிலும் மஞ்சள் பெயின்ரால் கோடு இழுத்தேன். வேலி உரசிய கதவை நிமிர்த்தினேன். பின்னால் மண்மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். வளைவில் அப்படியே தரையோடு நின்றது. என் கைபட்ட வண்டிகளில் அதுதான் திறம். அதை நினைக்க எனக்கு அருவருப்பாகவும் இருந்தது.

பிள்ளையின் முதலாவது பிறந்தநாள் கிட்டியபோது அத்தான் போன் பண்ணினார். அக்கா போகவேண்டும் என்கிறாளாம், அதுவும் அந்த வண்டியில்தான். நான் அன்றைக்கே போனேன். கட்டிலில் படுத்திருந்தாள்.

"சனிக்கிழமை காலமை வாறன் அக்கா. ஆறுதலாத்தான் ஓடுவன்."

"நீ வரவேண்டாம் தம்பி. இவர் ஓடட்டும்."

எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். உண்மை எப்படியோ தெரிந்துவிட்டது, அதுதான். கதவடியில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். டிரைவர் பக்கம், கிளீனர் பக்கம், ஸ்பனரின் டிக், ஒரு வருடமாக நான் வாய்மூடி இருந்தது. "அத்தான் மறக்கேல்லை. நான்தான் பிழையாச் சொன்னனான்" என்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"உது எனக்கு அவர் அப்பவே சொல்லீட்டார்" என்றாள். "உதில என்ன கிடக்கு? ஆரும் பிழை விடுறதுதான். ஆணிக்கு நான் ஒண்டும் சொல்லேல்லையே."

"பிறகு ஏனக்கா?"

"ரெண்டுதரம் சொன்னனானடா. மூண்டாந்தரமும் தட்டினது. பிறகு சுரங்கம் வரைக்கும் தட்டிக்கொண்டுதான் வந்தது. உனக்குப் பயத்தில வாயை மூடிக்கொண்டு கிடந்தன்." கையை இடுப்புக்குக் கீழே செருகிக்கொண்டாள். "எனக்கு இருக்கிறது இந்த முதுகு ஒண்டுதான். அது சொல்லுறதைக் கேக்காத ஆளோட நான் இனிப் போகமாட்டன்."

சனிக்கிழமை நான் போனேன். மெத்தையைத் தூக்கி வைத்தேன், பெல்ட்டுகளை இழுத்துக் கட்டினேன். அக்கா "இன்னும் கொஞ்சம் தளர்த்து" என்றாள், தளர்த்தினேன். அத்தான் இடப்பக்கம் ஏறி ஸ்டியரிங்கில் கைவைத்தபடி பின்னுக்குத் திரும்பிச் சொன்னார், "தட்டினால் சொல்லப்பா. உடன நிப்பாட்டுறன்." அவர்கள் போனார்கள். நான் கராச்சைத் திறக்கப் போனேன்.

பின்னேரம் மகள் போனில் சொன்னாள். வழியில் அக்கா ஆறுதரம் "நிப்பாட்டுங்கோ" என்றாளாம். ஆறுதரமும் அத்தான் ஓரங்கட்டி, இறங்கி, றோட்டில் மல்லாந்து படுத்து, அடியைப் பார்த்துவிட்டு வந்தாராம். ஆறுதரமும் கீழே ஒன்றும் இல்லை. ஒன்றேகால் மணித்தியாலத்துப் பயணம் மூன்று மணித்தியாலம் எடுத்ததாம். சேட்டின் முதுகு முழுக்கக் கறுப்பாய் வந்து நின்ற அத்தானைப் பார்த்துச் சனம் சிரித்ததாம். "அம்மா ஒருக்காக் கூடச் சத்தி எடுக்கேல்லை மாமா" என்றாள். "வழி முழுக்கக் கதைச்சுக்கொண்டு வந்தவவாம்."